எட்டணா அண்டா

காப்பித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குச் சம்பளக் கணக்கு எழுதுவது கஷ்டமே இல்லை. கூட வேலை செய்பவரின் பிரிவுபசாரத்துக்குப் பங்கு கேட்டு நிற்பதுதான் கஷ்டம். வேலை பார்த்த இடத்தில் எப்போதாவது தட்டு ஏந்தியவர்களுக்கு நான் சொல்லாமலே இது புரியும்.

எட்டணா பிறந்த கதை

அப்போது கொல்லிமலையில், வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கணக்கப்பிள்ளை. எங்கள் பெரிய கணக்கப்பிள்ளை வேலையை விட்டுத் துறையூரில் சொந்த வீட்டுக்குக் குடிபோவதாக இருந்தார். எல்லோரும் சேர்ந்து ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்றார் தோட்டத்துத் துரை. வசூல் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று பெருந்தன்மையாகத்தான் ஆரம்பித்தேன். மூன்று நாள் ஒரு காசு விழவில்லை. கடைசியில் தராசுக்காரர் பழனியப்பன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, கம்மியாப் போட்டா கருமிம்பீங்க. சாஸ்தியாப் போட்டா தராசுல என்னமோ பண்றான்ம்பீங்க. நீங்களே ஒரு தொகையச் சொல்லிப்போடுங்க!"

ஆளுக்கு எட்டணா என்று அன்றே சொல்லிவிட்டேன். கூடவும் கூடாது, குறையவும் கூடாது, துரைக்கும் அதுதான்.

காப்பிக்குக் கழிவு

பங்களாச் சமையற்காரர் முத்து, ஆறணாவை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். மீதி எங்கே என்று கேட்டேன். அவர் முகம் கோணிப்போயிற்று.

"பெரிய கணக்கப்பிள்ளை இத்தனை வருஷமா என் கையால காப்பி குடிச்சாரு. ஒரு நாளாவது நல்லாருக்குதுன்னு சொன்னாருங்களா? அதுக்கு ரெண்டணா கழிச்சுக்குங்க!"

சடையண்ணனின் சங்கடம்

தோட்டத்துத் தபால் பையைச் சுமந்துகொண்டு புளியஞ்சோலை வழியாகத் துறையூருக்கு இறங்கி ஏறுபவர் சடையண்ணன். திண்ணனூர் நாட்டுக்காரர். அவர் ஒன்றேகால் ரூபாயை நீட்டினார். எட்டணாவுக்கு மேல் வாங்க மாட்டேன் என்றேன்.

விஷயம் இதுதான். அவர் மகள் கல்யாணத்தில் பெரிய கணக்கப்பிள்ளை ஒரு ரூபாய் மொய் வைத்திருந்தார். வாங்கிய மொய்யைக் கொஞ்சமாவது கூட்டித்தான் திருப்ப வேண்டும். ஆனால் பெரிய கணக்கப்பிள்ளை வீட்டில் இனி விசேஷம் எதுவும் இல்லை. ஆளோ மலையை விட்டே போகிறார். "அண்ணே, உங்களுக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும்" என்று நான் மறுத்தேன். சடையண்ணன் எட்டணாவை மட்டும் வைத்துவிட்டு, மீதியை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டார்.

"சட்டம் உங்களுதுங்க சாமி. ஆனா அரை மொய் திருப்புனவன்னு ஊருக்குள்ள என்னையத்தானுங்க சொல்லுவாங்க."

அன்று எனக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. ஆனாலும் சட்டத்தை மாற்றவில்லை.

நடந்து வந்த அண்டா

துறையூர்க் கடைத்தெருவில் நல்ல கனமான பித்தளை அண்டா ஒன்று வாங்கினேன். மேலே கொண்டு வந்தால்தானே தோட்டத்தார் முன்னால் கொடுக்க முடியும்? தபால் பையைத் தோளில் மாட்டி, அண்டாவைத் தலையில் வைத்தார் சடையண்ணன். பாதி ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. தபால் நனையக்கூடாது என்று அண்டாவைக் கவிழ்த்துப் பையோடு உள்ளே புகுந்துகொண்டார். அவருக்கு வழி தெரியவில்லை. "இடது பக்கம் கல்லு! வலது பக்கம் வேரு!" என்று பின்னாலிருந்து நான் கத்திக்கொண்டே வந்தேன்.

சாமைக் காட்டில் களை எடுத்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "ஏனுங்க, அண்டா முன்னால நடந்து வருது, சோறு பின்னால வருதுங்களா?"

மூன்றாவது கதவு

விழா நன்றாகவே நடந்தது. எட்டணாச் சட்டம்தான் நன்றாக இல்லை. பழனியப்பன் இரண்டு பலாப்பழங்களோடு வந்தார். காப்பிக்குக் கழிக்கப் பார்த்த முத்து, யாரும் சொல்லாமலே ஒரு குண்டான் பாயசம் காய்ச்சியிருந்தார். துரை தம் கம்பளிச் சால்வையைப் போர்த்தினார். சடையண்ணன் மட்டும் கடைசி வரிசையில் தலை குனிந்து நின்றார்.

பெரிய கணக்கப்பிள்ளை அண்டாவைத் தட்டிப் பார்த்தார். எங்கே வாங்கியது என்று விசாரித்தார். சொன்னேன். சிரிப்பை அடக்க முடியாமல் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, அந்தக் கடை என் வீட்டுக்கு மூணாவது கதவு!"

கூடிப்போன மொய்

வாங்கிய அண்டாவை அங்கேயே வைக்காமல் மலையேற்றியாயிற்று. இனி இறக்க வேண்டும். கூலிக்கு ஆள் தேடினேன். அதற்குள் சடையண்ணன் அண்டாவைத் தலைக்கு ஏற்றிவிட்டார். முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "ஏத்துனது தோட்டத்து வேலைங்க, சம்பளம் இருக்குது. இன்னிக்கு எனக்கு லீவுங்க. இறக்கறது என் மொய்யிங்க!" என்று முன்னால் நடந்தார்.

வழியனுப்ப நானும் கூட இறங்கினேன். துறையூர் வீட்டுக் கூடத்தில் அண்டாவை இறக்கியதும், பெரிய கணக்கப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சடையா, மொய் கூடிப்போச்சு. உன் சின்ன மகன் கல்யாணத்துக்கு நான் மலையேறி வந்தே தீரணும் போ!"

சொன்னபடி கல்யாணத்துக்கு வந்தும் சேர்ந்தார். ஆக, நான் போட்ட சட்டப்படி எட்டணாவோடு நிறுத்திக்கொண்டவன் அந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்தான்.