நேர்த்திக்கடனும் கடைசிக் காட்சியும்

இருபது வருடம் மலேசியத் தொலைக்காட்சி நாடகங்களில் நடித்தேன். போலீஸ்காரர், பக்கத்து வீட்டுக்காரர், இரண்டு முறை பிணம். ஐம்பது வயதில் இனி நடிப்பே வேண்டாம் என்று தலைமுழுகிவிட்டு, சொந்தமாக ஒரு படத்தை இயக்கத் தொடங்கினேன். எங்கள் குழுவில் யாருக்கும் ஞாயிறு தவிர ஓய்வில்லை. இரண்டு வருட ஞாயிறுகளைத் தின்றபின், ஒரே ஒரு காட்சி பாக்கி என்ற இடத்துக்குப் படம் வந்து சேர்ந்தது.

வீட்டை விட்டு ஓடிய மகன் திரும்பி வருகிறான். கதவைத் திறக்கும் அம்மா அவனைக் கட்டிக்கொள்கிறாள். அது இல்லையென்றால் படமே இல்லை. அம்மாவாக நடித்த, நாங்கள் அக்கா என்று கூப்பிடும் மூத்த நடிகையோ, அதை எடுக்கவிருந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை மகளோடு குடியிருக்க ஆஸ்திரேலியா போகிறார். திரும்பி வருவதாக இல்லை. அந்த ஒரு ஞாயிறுதான் எனக்கு இருந்தது.

கிள்ளானில் படப்பிடிப்புக்கு இரவல் கேட்டிருந்த வீட்டு வாசலில் கேமராவை வைத்துக் காத்திருந்தோம். பெட்டாலிங் ஜெயாவில் தொழிற்சாலை வேலை பார்க்கும் எங்கள் கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். பளபளவென்று மொட்டை.

"பத்துமலைக்கு வேண்டிக்கிட்டேன் அண்ணே. நம்ம படம் நல்லபடியா வெளியாகணும்னு."

"படம் எடுத்து முடிச்சப்புறம் மொட்டை போடக் கூடாதாடா? முருகன் எங்கடா ஓடிப் போகப் போறாரு?"

"தைப்பூசத்துக்குன்னு வேண்டியாச்சு. சாமிகிட்ட தேதி மாத்த முடியாது லா அண்ணே."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பது என்பார்கள். இவன் பக்தியோடு உடைத்திருந்தான். அடிக்கக் கை ஓங்கினேன். அவன் கண்கலங்கி நின்றதைப் பார்த்ததும் கை தானாக இறங்கியது. ஒப்பனைக்காரர் வைத்திருந்த டோப்பாவை மாட்டிப் பார்த்தோம். நாடக மேடை நாரதர் மாதிரி இருந்தான். கொல்லைப்புறம் போய்ச் சுவரில் தலையைச் சாய்த்து நின்றேன். செத்துப்போனால் தேவலை என்று இருந்தது. மிகைப்படுத்தவில்லை.

அக்காதான் தேடி வந்தார். "முதுகு காட்டி எடுத்தா என்ன தம்பி? உங்களுக்கும் அவன் உயரம்தானே. அவன் சட்டைய வாங்கிப் போடுங்க."

போட்டேன். ஒப்பனைக்காரர் என் நரையில் மை பூசினார். கதவு திறந்தது. "வந்துட்டியாய்யா" என்று அக்கா சொன்னதும் அவர் தோளில் முகத்தைப் புதைத்தேன். 'கட்' சொல்ல வேண்டியவன் நான். சொல்ல முடியவில்லை. இரண்டு வருடப் பயம் மொத்தமும் உடைந்துகொண்டு வந்தது. ஒளிப்பதிவாளர் தானாகக் கேமராவை நிறுத்திய பிறகும் அழுதேன்.

சில மாதம் கழித்து, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் தெரிந்தவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும், என்னைப் பல நாடகங்களில் இயக்கிய பெரியவர் எழுந்து வந்தார். என் நடிப்பைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை சொல்லாதவர். என்னைத் தாண்டிப் போய்க் கதாநாயகனின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கடைசிக் காட்சியில மூஞ்சியவே காட்டாம அழ வெச்சிட்டியே தம்பி. இத்தன வருஷத்துல இப்படி ஒரு நடிப்ப நான் பாத்ததில்ல."

அவன் திகைத்து என்னைப் பார்த்தான். உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். எனக்கோ, 'அது நான்தான்யா' என்று மண்டபமே கேட்கக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் வீடு திரும்பிய மகன் அங்கேயே காணாமல் போவான். யாரோ ஒரு கிழவன் இரவல் சட்டையில் அழுதது மட்டும்தான் மிஞ்சும்.

"நன்றி சொல்லுடா" என்றேன்.

சொன்னான்.