தண்ணீர் வராத வருஷமும் இரண்டாவது ரிமோட்டும்

கேசட்டை உருவி 'ஃபூ' என்று ஊதினால் மூக்கில் ஏறும் தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை... டிவி கேம் ஆடியவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊர் பூதலூர் பக்கம். அரசாங்கத்தின் இலவச கலர் டிவி வந்த மறு மாசமே அப்பா தஞ்சாவூரில் அந்த டிவி கேமை வாங்கிக்கொடுத்தார். இரண்டு ரிமோட். வீட்டிலோ பிள்ளை நான் ஒருத்திதான். கடையில் அதை யாரும் யோசிக்கவில்லை!

அப்பாவுக்குக் கோயில் நிலத்தில் குத்தகைச் சாகுபடி. விடிந்தால் வயல், இருட்டினால் தூக்கம். வலது கையில் ஒரு ரிமோட், இடது கையில் ஒன்று என்று நானே இரண்டு ஆளாகவும் ஆடுவேன். இரண்டு பேரும் சேர்ந்தே பள்ளத்தில் விழுவார்கள்.

பிறகு ஒரு வருஷம் மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. ஊரில் மறியல், கறுப்புக்கொடி... குறுவை போயே போச்சு. மறியலுக்குப் போய் வந்த அப்பா சும்மா உட்கார்ந்திருந்தார். ஒரு நாள், "குடு, நானும் பாக்குறேன்" என்று இரண்டாவது ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

மலைமேல் குதித்துக் குதித்துப் போகிற விளையாட்டு அது. அதில் ஒரு வில்லங்கம். இரண்டு பேர் ஆடும்போது ஒருவர் பின்தங்கினால் படம் நகராது. மண்வெட்டி பிடித்த விரல் அந்தக் குட்டி பட்டனில் நிற்குமா? அப்பாவின் ஆள் ஒவ்வொரு பாறையிலும் திணறுவான். நான் திரையின் ஓரத்தில் நின்றுகொண்டு கத்துவேன்.

"சீக்கிரம் வாங்கப்பா!"

"இரு பாப்பா... உட்டுட்டுப் போயிடாத."

போகத்தான் முடியாதே.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது, நான் பிள்ளையாரிடம் தண்ணீர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அந்த வருஷம் அம்மா கடையில் அரிசி வாங்கினாள். நெல் விளைகிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று எனக்கு அப்போது தெரியாது. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருஷம் தண்ணீர் வந்தது. அப்பா வயலுக்குப் போய்விட்டார்.

இப்போது நான் சென்னையில் ஒரு கேம் கம்பெனியில் டெஸ்டர். டவுன்லோடு இலவசம் என்போம். உள்ளே வந்ததும் ஆடுகிற பொம்மையின் சட்டைக்குக் காசு, செருப்புக்குக் காசு, என்ன இருக்கிறதென்றே தெரியாத பெட்டியைத் திறக்கவும் காசு. கூட ஆடுவது முகம் தெரியாத யாரோ. அவர் பாதியில் கழன்றுகொண்டால் கம்ப்யூட்டரே ஒரு பொம்மையை அந்த இடத்தில் இறக்கிவிடும். யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை.

போன வாரம் ஒரு கேமின் சர்வரையே மூடினோம். லாபம் போதவில்லையாம். காசு கட்டி ஆடியவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கள் ஆறு பேரில் நான்கு பேருக்கு வேலையும் போச்சு. நான் தப்பித்தேன்... காலி நாற்காலிகளுக்கு நடுவே சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறேன்.

நேற்று மத்தியானம் அப்பா போன் செய்தார். அம்மா போனபிறகு அவர் தனிதான். இந்த வருஷமும் தண்ணீர் இல்லை.

"பரண்ல அந்த கேம் கெடந்துச்சு பாப்பா. மாட்டிப் பாத்தேன், ஓடுது. ஆனா ரிப்பேர் போல."

"என்னப்பா ஆச்சு?"

"என் ஆளு போறான். இன்னொருத்தன் நின்ன எடத்துலயே நிக்கிறான். படம் நகர மாட்டேங்குது."

ஆரம்பத்தில் 'இரண்டு பேர்' என்பதையே அழுத்திப் பழகியவர். ஒரே ஆள் ஆடவும் வழி இருப்பது அவருக்குத் தெரியாது. சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

"ரிப்பேர் இல்லப்பா. நான் வந்து பாக்குறேன்."

"எப்ப?"

ஆபீஸில் மிச்சம் இருப்பதே இரண்டு பேர். லீவு கேட்கப் பயமாக இருந்தது.

"இந்த ரிலீஸ் முடியட்டும்பா..."

"சரி பாப்பா. நான் நிறுத்தாம வச்சிருக்கேன். நீ வா."