பார்க்க வேண்டியவன்

அரைக்கண் டிரைவரை இவன் முதலில் சந்தித்தது ஆபீஸ் கணினித் திரையில்தான். சந்தித்தான் என்று சொல்வதே பொய். அவர் வண்டி ஓட்டும் படம் ஓடிக்கொண்டிருந்தது, இவன் செல்போனில் இருந்தான்.

பஸ் கம்பெனி ஒவ்வொரு டிரைவரின் முகத்துக்கு நேரேயும் கேமரா மாட்டியிருந்தது. கண் சொருகினால் செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துவிடும். வந்த புதிதிலேயே நிஜமாகத் தூங்கி வழிந்த ஒருவரைப் பிடித்து, ஒரு பஸ் நிறைய உயிரைக் காப்பாற்றியது. எல்லோருக்கும் அதன்மேல் மரியாதை. ஆனாலும் இயந்திரத்தின் பேச்சை மட்டும் கேட்டு யாரையும் வண்டியிலிருந்து இறக்கக்கூடாது, ஒரு மனிதர் படத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது சட்டம். அந்த மனிதர் இவன். குடும்பத்தில் முதல் பட்டதாரி. "மெஷினுக்கே எம்மவன்தான் மேலதிகாரி" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்ததே இவன்தான்.

படம் முடிந்தால்தான் ஒப்புதல் பொத்தானை அழுத்த முடியும். அதனால் அங்கே எல்லோரும் படத்தைத் திரையின் மூலையில் ஓடவிட்டு, முடிந்ததும் அழுத்துவார்கள். அரைக்கண் டிரைவர் தூங்குவதாக மெஷின் அனுப்பிய படத்துக்கு இவனும் அப்படித்தான் அழுத்தினான்.

வண்டி பறிபோன டிரைவர் நேரில் வந்தார். பிறவியிலேயே இடது இமை பாதி இறங்கியவர். "எம் பொண்டாட்டி மொதல்ல பார்த்தப்ப, கண்ணடிக்கிறேன்னு செருப்பைத் தூக்கிட்டா" என்று சிரித்தபடி உட்கார்ந்தார். பிறகு சிரிக்காமல் கேட்டார்.

"மெஷினுக்குத் தெரியாது, சரி. பார்த்தவருக்குமா தம்பி தெரியல?"

"படத்துல சரியா விழலண்ணே."

அவர் போனபின் படத்தைப் போட்டான். வலது கண் அகல விழித்துச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

படத்தைப் பார்த்துத் தந்த ஒப்புதலைக் கம்பெனி ரத்து செய்யாது. அவருக்கு வண்டி திரும்பக் கிடைக்க ஒரே வழி, முதலில் தான் பார்க்கவேயில்லை என்று இவன் எழுதித் தருவது. எழுதினால் வேலை போகும், ஊரில் அப்பா தலைகுனிய வேண்டும். தட்டினான், அழித்தான். கடைசியில் 'மறுபார்வையில் சற்று ஐயம் உள்ளது' என்று பூசி மெழுகி அனுப்பினான். ஐயம் இருக்கும்வரை வண்டியைக் கொடுக்கமாட்டார்கள். அது இவனுக்குத் தெரியும்.

அந்த வாரம் அப்பா போனில் கேட்டார். "மெஷின் உம் பேச்சைக் கேக்குதாடா?"

"கேக்குதுப்பா."

இப்போது அரைக்கண் டிரைவர் பணிமனையில் பஸ் கழுவுகிறார். இவன் வருவதைக் கண்டால் தண்ணீர்க் குழாயை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "போங்க சார்" என்கிறார். இவன் அதே நாற்காலியில்தான் இருக்கிறான். படங்களை முழுதாகப் பார்க்கிறான்.