சாட்டலைட் நகந்துபோச்சு தம்பி!

இலங்கை மலையகத்தில், பதுளைப் பக்கம் டிவிக்கு டிஷ் பூட்டிப் பிழைக்கிறவன் நான்; படம் நின்றால் சாட்டலைட் நகர்ந்துவிட்டது என்று சொல்லாத வாடிக்கையாளர் எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. ஊரார் பழியைச் சுமக்கிற உத்தியோகத்தில் இருப்பவர்கள் மேலே படியுங்கள், மற்றவர்களுக்கு இந்த வலி புரியாது.

ஈரச் சேலை

அப்புத்தளையில் ஒரு வீடு. நாடகம் முக்கியமான கட்டத்தில் நின்றுபோனதாம், போனில் ஒரே ஏச்சு. பனியில் வழுக்கி வழுக்கிக் கூரையேறினால், டிஷ்ஷின் முன்கம்பியில் நனைந்த சேலை காய்கிறது. பாரத்தில் டிஷ் தலைகுனிந்து நிற்கிறது. சேலையைக் கொண்டுவந்து காட்டினேன். வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"சேல காத்துல சும்மா ஆடுது தம்பி. நகந்தது ஒங்க சாட்டலைட்டு."

தள்ளி வைக்கிறவர்கள்

பண்டாரவளை மரக்கறிக் கடை முதலாளி விஷயம் கேட்கிறவர். சொன்னேன்: ஒவ்வொரு சாட்டலைட்டுக்கும் வானத்தில் இன்ன இடம் என்று ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். ஆனால் சூரியனும் சந்திரனும் சும்மா விடாமல் இழுக்கும். கீழே கண்காணிக்கிறவர்கள், கொஞ்சம் விலகியதுமே உத்தரவு அனுப்பி, அதிலுள்ள சின்ன எஞ்சினை ஊதவிட்டு இடத்துக்குத் திருப்புவார்கள். எரிபொருள் தீரப்போகிறதென்றால், மிச்சத்தை வைத்து இன்னும் மேலே ஒதுக்கிவிட்டு, அந்த இடத்துக்கு வேறொன்றை அனுப்புவார்கள். நடைபாதையில் பரப்பியிருந்த தன் கோவா, கரட் கூடைகளைப் பார்த்துக்கொண்டே முதலாளி சொன்னார்:

"அப்ப நம்ம நகர சபைக்காரங்க அங்கயும் போய்ட்டாங்கன்னு சொல்லுங்க."

ராசம்மா அக்காவின் சுவர்

ராசம்மா அக்கா தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவருடையது. மழை தொடங்கியதிலிருந்து படம் நிலைக்கவில்லை. நான் சரிசெய்துவிட்டுத் திரும்பினால் மறுபடி அழைப்பு. ஆணியெல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. கீழ் லயத்தில் அதே சாட்டலைட், படம் பளிச்சென்று வருகிறது. டிஷ்ஷைத் தாங்கும் சுவர்க்கம்பியில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். நேராக நிறுத்திவிட்டுப் போன கம்பி, பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் போனால், தரையில் கை நுழைகிற வெடிப்பு. லயத்தோடு ஆட்களை மண் மூடிய மீரியபெத்தை இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை.

"அக்கா, சாட்டலைட் நகரல. ஒங்க வீடுதான் நகருது" என்றேன். தோட்டத்து ஆபீசுக்கும் ஓடிப்போய்ச் சொன்னேன். "நீ டிஷ்ஷப் பாரு, மலைய நாங்க பாத்துக்கிறோம்" என்று சிரித்தார் தோட்டத்து உதவி அதிகாரியான சின்னத்தொரை.

அவர்கள் பார்க்கும்வரை அக்கா காத்திருக்கவில்லை. லயத்தையே கிளப்பிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போய்விட்டார். அடுத்த பெருமழையில் காம்பராக்கள் சரிந்தன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவர்கள் இன்னும் மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். வீடு கட்டத் தருவதாகச் சொன்ன காணி வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. போன வாரம் பார்க்கப் போனவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், சாட்டலைட்டுக்கு இடம் ஒதுக்குகிற கதையை அளந்தேன். துணி மடித்துக்கொண்டே அக்கா கேட்டார்:

"எங்கம்மா காலத்துலேருந்து இந்த மண்ணுல பாடுபடுறோம், எங்க பேருக்கு ஒரு சாண் எடமில்ல. வானத்துல எடம் வேணும்னா மனுவ எந்த ஆபீஸ்ல குடுக்கணும் தம்பி?"

டிஷ்ஷை நிமிர்த்தி வைக்க என்னைக் கூப்பிடலாம். வீட்டை நிமிர்த்தி வைக்க வேண்டியவர்களைக் கூப்பிட்டால் எப்போதும் தொடர்பு எல்லைக்கு அப்பால்.