ஐந்து வருட காஸ் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம்

இன்று நாங்கள் இருக்கும் வெக்ஸ்போர்ட் பகுதியில், நம்மவர் மரக்கறிக் கடை வாசலில் ஒரு தம்பி மேசை போட்டு இருந்தார். வீட்டைச் சூடாக்கும் காஸின் விலை ஐந்து வருடத்துக்கு ஏறாமல் இருக்க ஒப்பந்தம் எழுதுகிறாராம். பனிக்காலம் வருகிறது, எனக்கும் ஆசைதான்.

“அங்கிள் எந்த ஊர்?”

“கரவெட்டி.”

“அட, எங்கட அம்மாவும் அங்கதான்! இதில ஒரு சைன் வையுங்கோ.”

போன வருடமென்றால் ஊரைக் கேட்டதும் வைத்திருப்பேன். இந்த வருடம் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிவிட்டேன். கடதாசியும் தமிழில் இருந்தது. விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். தம்பி இரண்டு தேநீர் குடித்தார்.

மூன்றாம் பக்கத்தில் நின்றேன்.

“தம்பி, இடையில விட்டால் தண்டம் கட்டவேணும் எண்டு கிடக்கு. நாங்கள் வாற வருசம் வீட்டை வித்துப்போட்டு மகளோட இருக்க ஸ்ரௌவ்வில் ஊருக்குப் போறம்.”

“உது சும்மா அங்கிள். உதை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை.”

“நான் வாசிச்சிட்டனே.”

அவர் பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கடதாசியை நான் கொண்டு வந்துவிட்டேன்.

இதில் கையெழுத்து வைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மூன்றாம் பக்கத்தை வாசித்துக் காட்டுகிறேன். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வாருங்கள், நேரம் எடுக்கும்.