பாம்பென்று நினைத்த சொல்

அறுபதுகளின் பிற்பகுதி. மேற்கு ஜெர்மனியில் எசன் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வேதியியல் ஆராய்ச்சி என்ற பெயரில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். வாரநாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் ஆளைக் கொல்லும். கடையெல்லாம் மூடியிருக்கும், தெருவில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கும்.

ஆய்வுக்கூடத்து ஜெர்மானிய நண்பர்கள் தங்கமானவர்கள். எப்போதாவது சாப்பிட வெளியே கூட்டிப்போவார்கள். முடிவில் பரிமாறும் பெண் வந்து, பணம் சேர்த்தா தனித்தனியா என்று கேட்பாள். "கெட்ரென்ட்" என்பார்கள், அதாவது தனித்தனி. ஜெர்மன் மொழியில் நான் பிசிறில்லாமல் உச்சரித்த முதல் சொல் அதுதான். ஊரில் ஹோட்டல் கல்லாவுக்கு முன்னால் நண்பனின் மணிக்கட்டை முறுக்கி பில்லைப் பிடுங்கி வளர்ந்தவனுக்கு அது என்னவோ போலத்தான் இருந்தது. ஆனால் என் பர்ஸின் உடல்நிலைக்கு மிகவும் ஒத்துக்கொண்டது.

ஒரு நாள் டிராம் நிறுத்தத்தில் ஒருவர் என்னிடம் வேகமாக ஸ்பானிய மொழியில் பேசத் தொடங்கினார். என் நிறத்தைப் பார்த்து, தன் ஊருக்குத் தெற்கே பிறந்தவன் என்று நினைத்துவிட்டார். இரும்பாலையில் வெல்டர். இந்தியன் என்று தெரிந்ததும் விட்டுவிடுவார் என்று பார்த்தால், பரவாயில்லை என்பதுபோலத் தோளில் கைபோட்டு ஒரு சின்ன உணவு விடுதிக்கு இழுத்துக்கொண்டு போனார். நடத்துபவரும் ஸ்பானியர், வருபவர்களும் ஸ்பானியத் தொழிலாளர்கள். உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்து அடை மாதிரி தடிமனாக ஒன்று கொடுத்தார்கள். அன்றிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு மேஜை கிடைத்தது. அன்றாட ஸ்பானியம் கற்பிக்கும் பழைய புத்தகம் ஒன்றையும் வாங்கி மனப்பாடம் செய்தேன்.

ஒரே ஒரு முள். கிளம்பும் நேரம் வந்ததும் எல்லாரும் கல்லாவை மொய்த்துக்கொண்டு, "கோப்ராமே, கோப்ராமே" என்று கத்துவார்கள். என்னைக் கைகாட்டுவார்கள், சிரிப்பார்கள். கோப்ரா! இந்தியன் என்றால் பாம்பாட்டிதானே. புத்தகத்தில் தேடிப் பார்க்கக்கூட நான் மெனக்கெடவில்லை. பாம்புக்கு எதற்கு அகராதி? வாரம் தவறாமல் சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். அந்தக் களேபரத்தில் யார் பணம் கொடுத்தார்கள், எனக்கு ஏன் பில்லே வருவதில்லை என்று யோசிக்கும் அளவுக்கு என் ஆராய்ச்சி மூளை வளரவில்லை.

அப்புறம் அந்த ஞாயிறு. வெல்டருக்கு ஊரில் பெண் குழந்தை பிறந்திருப்பதாகத் தந்தி வந்திருந்தது. எல்லாரையும் உட்காரவைத்து வேண்டியதெல்லாம் வரவழைத்தார். கடைசியில் எழுந்து, என்னைக் காட்டி, முகமெல்லாம் பல்லாக, "கோப்ராமே" என்றார். எனக்குப் பொங்கிவிட்டது. மகள் பிறந்த நாளிலுமா பாம்பு? உணவு விடுதிப் பாடத்தில் படித்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

"யோ பாகோ லோ மீயோ."

என்னுடையதை நான் கொடுத்துவிடுகிறேன் என்று அர்த்தம். பூனை கத்துவது போல முடியும் அந்த வாக்கியத்தை மகா கம்பீரமாகச் சொல்லி, சில்லறையை மேஜைமேல் வைத்தேன். வெல்டர் சில்லறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். உச்சரிப்பு சரியாகத்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் டிராம் நிறுத்தத்தில் அவர் என்னைக் கவனிக்காதவர் போல நின்றார். ஞாயிறன்று போக இடமில்லாமல் வுப்பர்டாலுக்கு ரயிலேறினேன். அங்கே பொறியியல் பயிற்சியில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் உண்டு. முன்பு ஸ்பானியர்களோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் அந்த ஊர் ரயிலில் உட்கார்ந்து என் பாம்புக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிர் இருக்கை அம்மாள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐசே, அது பாம்பில்லை. என்னட்டை வாங்கு எண்டு கடைக்காரனுக்குச் சொல்லுறது. உம்முடைய காசையும் தாங்கள்தான் குடுக்கிறது எண்டு அவங்கள் தங்களுக்கை சண்டை பிடிச்சிருக்கிறாங்கள்."

"அப்போ எதுக்கு என்னைக் காட்டிக் காட்டிச் சிரிச்சாங்க?"

"உமக்கு ஆர் குடுக்கிறது எண்டு சண்டை. வேறை ஆரைக் காட்டுறது, அந்தச் சுவரையோ?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பிள்ளை பிறந்த சந்தோசத்திலை குடுக்கிற மனுசனுக்கு முன்னாலை காசை வைச்சனீரோ? கலியாண வீட்டிலை சாப்பிட்டிட்டு இலைக்குப் பக்கத்திலை காசு வைப்பீரோ நீர்?" என்றார்.

எனக்கு ஆற்றில் குதிக்கலாம் போலிருந்தது. ஆழம் முழங்காலளவுதான் என்பதால் விட்டுவிட்டேன். போய் மன்னிப்புக் கேட்கட்டுமா என்றேன்.

"மன்னிப்பாலை ஏலாது. போய் நீரும் சண்டை பிடியும்."

அடுத்த ஞாயிறு போனேன். இடம் ஒதுக்கினார்கள், ஆனால் பேச்சு என் தலைக்கு மேலாகப் போயிற்று. வெல்டர் ஒரு தரம் தலையசைத்ததோடு சரி. அவர் கல்லாவுக்கு எழுந்ததும் நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தேன். புத்தகத்தில் இந்தச் சண்டைக்குப் பாடமே கிடையாது. தமிழில் எப்படிச் சொல்வேனோ அப்படியே ஸ்பானியத்தில் அடுக்கினேன். அவரிடம் வேண்டாம், என்னிடம் வாங்குங்கள்.

"கோப்ராமே அ மி," என்றேன். அப்புறம், கேட்காமலே வாயில் வந்தது: "பாரா லா நீன்யா." குழந்தைக்காக.

வெல்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நானும் அவருடையதைப் பிடித்தேன். இரும்பு வளைக்கிற கை அது. என்னுடையது சோதனைக்குழாய் பிடிக்கிற கை. முடிவு என்னவென்று எனக்குத் தெரியும். இருந்தாலும் விடவில்லை. மேஜையில் ஒருவர் என் பக்கம் கத்தினார், அப்புறம் இன்னொருவர். கடைக்காரர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, முதலில் முடிவுசெய்யுங்கள் என்றார்.

திடீரென்று பிடி தளர்ந்தது. "இன்றைக்கு மட்டும் இவனிடம் வாங்கு," என்றார் வெல்டர், கடைக்காரரிடம்.

என் பர்ஸ் காலியாகிக்கொண்டிருக்கும்போதே அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். மற்றவர்கள் எல்லாரும் அதற்குள் பார்த்துவிட்ட படம். பிறந்து சில நாளே ஆன எல்லாக் குழந்தைகளையும் போல, அதுவும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மாதிரி முறைத்தது. அழகன் என்றேன், பெண்பால் விகுதி மறந்துவிட்டது. யாரும் திருத்தவில்லை. அவர் படத்தை என் கையிலேயே வெகுநேரம் விட்டுவைத்தார்.

இன்றும் பக்கத்து மேஜையில் யாராவது எனக்குப் புரியாத மொழியில் பேசி என் பக்கம் பார்த்துச் சிரித்தால் முதலில் சுருக்கென்றுதான் இருக்கிறது. அப்புறம், என் காபிக்கு யார் கொடுப்பது என்று அடித்துக்கொள்கிறார்களோ என்னவோ என்று நினைத்து நானும் சிரித்துவைக்கிறேன்.