வாய் திறந்த வாத்து

நார்மன் ஹாட்டர்ஸ்லி கைகளைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டு, காற்றில் உதறிக் காயவைப்பார். துண்டில் துடைத்தால் பஞ்சு ஒட்டுமாம். அதற்குப் பிறகுதான் பழைய பண நோட்டுகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஆல்பத்தைத் திறப்பார். மனைவி பெரில் வைத்துவிட்டுப் போன தேநீரில் அதற்குள் ஆடை படிந்திருக்கும்.

யார்க்‌ஷயரில் கார்ஸ்பி என்கிற சிற்றூரில் முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஏறியவர்களையெல்லாம் 'கண்ணு' என்று கூப்பிட்ட வாய் இன்னும் மாறவில்லை. பல் டாக்டரும் கண்ணு, பாதிரியாரும் கண்ணு.

இருநூறு வருடம் முன்பு ஊருக்கு ஊர் வங்கி வைத்துத் தனித்தனியாக நோட்டு அடித்தார்கள். அவற்றைச் சேர்ப்பவர்கள் அசலைத் தேடுவார்கள். நார்மனுக்குக் கள்ள நோட்டு மட்டும் போதும்.

"அசல் அடிக்கிறவனுக்கு என்ன பயம், கண்ணு? இவன் மாட்டினா தூக்கு. ரெண்டு பேர்ல எவன் பார்த்துப் பார்த்து வரைஞ்சிருப்பான், நீயே சொல்லு."

கார்ஸ்பியின் வங்கிக்காரர் ஜோசையா மோபர்லி. பீர் வடித்துப் பணம் சேர்த்தவர். கல்லாவின் மேல் வளர்ப்பு வாத்தை உட்காரவைத்திருந்தார். கடன் கேட்டு வந்தவரை அது கொத்திவிட்டால் அவருக்குக் கடன் கிடையாது. நோட்டிலும் அதன் படம்தான். நோட்டு அடிக்கும் அச்சுத் தகட்டைச் செதுக்கியவனுக்கு வாத்து வரவில்லை. உருளைக்கிழங்குக்குக் கால் முளைத்ததுபோல் வந்தது. கள்ள நோட்டு அடித்த ஒருவன் வாய் திறந்து கத்துகிற அசல் வாத்தையே வரைந்துவிட்டான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. யார்க் நகரில் தூக்கில் போட்டதாகக் கேள்வி. நார்மனுக்கு அவன் 'நம்ம ஆளு'. அவன் கைப்பட்டதாக ஆல்பத்தில் இருந்தது ஒரே ஒரு நோட்டு. பெரிலுக்குக் குளிர்கால கோட்டு வாங்க வைத்திருந்த பணத்தில் வாங்கியது. பெரில் அதை மறக்கவில்லை.

போன சனிக்கிழமை, பழம்பொருள்களைப் பார்த்து விலை சொல்ல லண்டனிலிருந்து பிலிப்பா என்ற நிபுணர் ஊர் மண்டபத்துக்கு வந்தார். நார்மன் நோட்டை நீட்டினார். அந்த அம்மாள் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இது அசல் சார்."

"கள்ள நோட்டு, கண்ணு. வாத்தைப் பாரு."

"மோபர்லி எழுதின கடிதம் ஒண்ணு போன வருஷம் கிடைச்சுது. 'கள்ள நோட்டுல இருக்கிற வாத்துதான் என் வாத்து மாதிரியே இருக்கு, அதைப் பார்த்துச் செதுக்கு'ன்னு தன் ஆளுக்கு எழுதியிருக்கார். இது அப்புறம் அடிச்சது. கையெழுத்து அவரோடது. நம்பரும் வங்கிப் பதிவேட்டுல இருக்கு."

"கள்ளமா இருக்க வழியே இல்லையா?"

"இல்லவே இல்லை. ரெண்டாயிரம் பவுண்டுக்குக் குறையாது."

"குளியலறைக்கு டைல்ஸ் மாத்திடலாம்," என்றார் கூட வந்திருந்த பெரில்.

"அப்போ நம்ம ஆளு அடிச்சது?"

"ஒண்ணுகூட மிஞ்சலைன்னுதான் நினைக்கிறேன் சார்."

நார்மன் தலையாட்டினார். அவனைத் தூக்கில் போட்டதோடு நிற்கவில்லை, வாத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அவருக்குப் பட்டது.

பிலிப்பா நோட்டைப் புது உறையில் இட்டு, இரண்டு கைகளாலும் ஏந்திக் கொடுத்தார். நார்மன் உறையிலிருந்து அதை வெளியே எடுத்தார். நான்காக மடித்து, நகத்தால் மடிப்பை அழுத்தி, கால்சட்டைப் பையில் சில்லறையோடு போட்டுக்கொண்டார்.